மீந்த ஸ்ப்ரூச் சட்டங்களை எறிவதா, வைத்துக்கொள்வதா?

குடந்தைவாசி (மார்கழி 25)

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக பிளாஸ்டிக் கிட், அதாவது உதிரிகளை ஒட்டிச் சேர்க்கும் சிறு மாதிரிகள், கட்டிவருகிறேன். பெரும்பாலும் 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) விமானங்கள், இடையிடையே 1/35 அளவில் ஒரு லாரியோ டாங்கியோ. ஒவ்வொரு கிட்டும் முடிந்த பிறகு, உதிரிகளைத் தாங்கி நின்ற வெறும் ஸ்ப்ரூச் சட்டங்களை "எதற்காவது ஆகும்" என்று ஓர் அரிசிச் சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றிவந்தேன். போகி நெருங்குவதால் வீட்டில் பரணை ஒழிக்கிறார்கள். சாக்கைக் கீழே இறக்கிய அம்மா, "என்னடா இது, மீன் முள் மாதிரி ஒரு சாக்கு நிறைய? போகியில் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். எனக்கும் சட்டென்று விடை சொல்லத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சாக்கிலிருந்து நான் எடுத்துப் பயன்படுத்தியது, பெயிண்ட் கலக்க நாலைந்து குச்சிகள் மட்டுமே.

சூடுகாட்டி இழுத்துக் கம்பியாக்குவது, கரைத்துப் பாகாக்கி இடுக்கு அடைப்பது என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் அது உண்மையில் எவ்வளவு பயன்பட்டது என்று சொன்னால், எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும்.

வெண்ணாற்றங்கரை (மார்கழி 25)

முதலில், போகியில் மட்டும் போடாதீர்கள். கிட்டில் வருவது பெரும்பாலும் பாலிஸ்டைரீன். எரிந்தால் கரும்புகையும் நூல் நூலாகப் பறக்கும் கரியும்தான் மிஞ்சும். தெருவே திட்டும்.

நான் தஞ்சாவூரில் விமானப்படைத் தளத்துக்குக் கேட்கும் தூரத்தில் இருப்பவன். 2020 ஜனவரியில் 222-ஆம் படையணி சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களுடன் இங்கே வந்த பிறகு, அந்த விமானத்தையே 1/72 அளவில் இரண்டு முறை கட்டிவிட்டேன். இரண்டிலும் மூக்கு நுனியில் நீண்டிருக்கும், வேகம் அளக்க உதவும் பிட்டோ குழாயை கிட்டிலிருந்து எடுத்து ஒட்டவில்லை. அச்சில் வார்த்து வரும் குழாய் அந்த அளவுக்குத் தடிமன் அதிகம். உப்புத்தாளில் தேய்த்தால் ஒடிந்துவிடும். அதே கிட்டின் சட்டத்தில் ஒரு துண்டை இழுத்துத்தான் வைத்தேன்.

செய்முறை இதுதான். ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, பக்கங்களில் ஒட்டியிருக்கும் முளைகளைச் சீவிவிடுங்கள். மெழுகுவத்திச் சுடரின் நுனிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேலே, இரு கை விரல்களாலும் துண்டை உருட்டிக்கொண்டே காட்டுங்கள்; சுடரில் படக்கூடாது. சிறிது நேரத்தில் நடுப்பகுதியில் ஒரு பளபளப்பு ஏறும், பிறகு லேசாகத் தொய்யும். தொய்ந்ததும் சுடரைவிட்டு வெளியே எடுத்து, ஒன்று என்று எண்ணி, இரு பக்கமும் இழுங்கள். எடுத்த உடனே வேகமாக இழுத்தால் முடிபோல வரும். இரண்டு எண்ணிவிட்டு மெதுவாக இழுத்தால் ஊசி கனத்துக்கு நிற்கும். இழுத்த கைகளை அப்படியே ஐந்தாறு விநாடி விறைப்பாக வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஆறும்போது வளைந்துபோகும். பலரும் சறுக்குவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான், இழுப்பதில் அன்று.

இன்னொரு செய்தி: சட்டம் சதுரமாக இருந்தால் இழுத்த கம்பியும் சதுரமாகவே மெலியும், வட்டமென்றால் வட்டம். ஆகவே சாக்கில் எறியும்போதே வடிவத்தைப் பார்த்துப் பிரித்துவைப்பது நல்லது.

மன்னை மாணவன் (மார்கழி 26)

ஐயா, நேற்றிரவே முயன்றேன். நான்கு துண்டுகளில் மூன்று நடுவில் அறுந்துவிட்டன, மிஞ்சிய ஒன்றில் கறுப்பாகக் கரி படிந்திருக்கிறது. வீட்டில் மெழுகுவத்தி இல்லாததால் அகல் விளக்கில் காட்டினேன். தவறு விளக்கிலா, கையிலா?

வெண்ணாற்றங்கரை (மார்கழி 26)

இரண்டிலும் இருக்கலாம், தம்பி. எண்ணெய்ச் சுடர் சாதாரணமாகவே கரியைக் கக்கும்; திரியை நன்றாக உள்ளே தள்ளிச் சுடரைச் சிறிதாக்கினால் குறையும். ஸ்பிரிட் விளக்கு கிடைத்தால் கரியே இராது. அறுந்துபோவதற்குக் காரணம், ஒரே பக்கம் சூடேறியிருக்கும். துண்டை உருட்டாமல் பிடித்திருப்பீர்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், மார்கழிக் குளிரில் அது தேவையும் இல்லை. இதற்கு மேல், நாள்பட்ட கிட்டின் சட்டங்கள் சில நொறுங்கும் தன்மையோடே இருக்கும். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பொன்மலை மீட்டர்கேஜ் (மார்கழி 27)

நான் இரயில் ஆள். 1897-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1928-இல் பொன்மலைக்கு மாறிய பணிமனையின் நிழலில் வளர்ந்தவன் என்பதால் விமானம் எனக்கு ஏறவில்லை. 1/87 அளவில் மீட்டர்கேஜ் நீராவி இஞ்சின்களும் பெட்டிகளும் கட்டுகிறேன். இந்த அளவில் 1000 மில்லிமீட்டர் இருப்புப்பாதை 11.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 25 மில்லிமீட்டர் கைப்பிடிக் கம்பி 0.29 மில்லிமீட்டர்தான். இப்படிப்பட்ட அளவுகளுக்கு வெளிநாட்டு ஸ்டைரீன் கம்பி விற்கிறார்கள், மெய்தான். ஆனால் ஒரு பொட்டலத்தின் விலையோடு அனுப்புகூலியையும் சேர்த்தால் இங்கே ஒரு சிறு கிட்டே வாங்கிவிடலாம். ஆகவே எனக்குச் சட்டம் என்பது மிச்சப்பொருள் அன்று, மூலப்பொருள்.

கம்பியைத் தவிர எனக்கு மிகவும் பயன்பட்டவை இரண்டு. ஒன்று ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணியின் தலை. 0.5 மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்த கம்பியைப் புது பிளேடால் வெற்றிலைக் காம்பு நறுக்குவதுபோல் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, லிக்விட் சிமெண்ட்டை (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் திரவம்) ஒரு சொட்டில் பாதி தொட்டுவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு நூற்று எண்பது வைத்திருக்கிறேன். மனைவி இதைத் தவம் என்கிறார், என் மகன் வேறொரு சொல் சொல்கிறான். மற்றொன்று லீவர்களின் குமிழ். கம்பியின் நுனியைச் சுடருக்கு அருகே கொண்டுபோனால் தானே உருண்டு சிறு குமிழாகிவிடும்.

இனி பாகு. சட்டத்தை 3 மில்லிமீட்டர் துணுக்குகளாக வெட்டி, மெல்லிய லிக்விட் சிமெண்ட் பாதி இருக்கும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, ஓர் இரவு மூடிவைத்து, காலையில் கிளறுங்கள். தூரிகையைத் தூக்கினால் தேன்போல ஒழுக வேண்டும். அதிரசத்துக்குப் பாகு எடுப்பவர்களிடம் பதம் கேட்டால் சொல்வார்கள் அல்லவா, அப்படிக் கம்பிப் பதத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். கம்பி விழுந்தால் அது இடுக்குக்குள் இறங்காது. கடையில் வாங்கும் புட்டியைவிட (இடுக்கு அடைக்கும் பசை) இது ஏன் மேல் என்றால், காய்ந்த பிறகு இது புட்டி அன்று, கிட்டின் அதே பிளாஸ்டிக். உப்புத்தாள் இரண்டையும் ஒரே அளவில் தேய்க்கும், அதன்மேல் பேனல் கோடு (தகடுகள் சேரும் கோடு) கீறினால் உதிராது.

மாயூரத்து மருந்துக்கடை (மார்கழி 27)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மேலே சொன்ன மெல்லிய சிமெண்ட்களில், தாமியா நிறுவனத்தின் பச்சை மூடிக் குப்பி உட்பட, இருப்பவை அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இரண்டும் எளிதில் தீப்பிடிப்பவை. ஒரே மேசையில் ஒரு பக்கம் மெழுகுவத்தி, மறு பக்கம் திறந்த பாகுக் குப்பி என்று யாரும் உட்காரக் கூடாது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது; மேசைமேல் தவழ்ந்துவந்து சுடரைத் தொடும். இழுக்கும் வேலை ஒரு நாள், கரைக்கும் வேலை மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் சுடரில் பட்டுப் புகைந்தால் அந்தப் புகையை முகர வேண்டாம், சன்னலைத் திறந்துவிடுங்கள். வீட்டில் இழுப்பு நோய் உள்ள குழந்தைகள் இருந்தால் மொட்டைமாடிதான் சரி.

பாகுக்கு நகப்பூச்சுக் குப்பி மிகவும் வசதி, மூடியிலேயே தூரிகை இருக்கிறது. பழைய பூச்சை முழுவதும் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்; குப்பியின் மேல் பெயர் எழுதிவைக்க மறக்க வேண்டாம்.

நாகைக் கடற்கரை (மார்கழி 28)

எல்லோரும் இழுத்த கம்பிக்குப் புகழ்மாலை சூட்டிவிட்டீர்கள், ஆகவே எதிர்க்கட்சி ஒன்று தேவைப்படுகிறது. நான் விசைப்படகுகளும் பழைய பாய்மரத் தோணிகளும் கட்டுகிறேன். பாய்மரக் கயிறுகள் அத்தனையும் இழுத்த ஸ்ப்ரூவில் செய்த ஒரு தோணி என்னிடம் இருந்தது. தூசி தட்டும்போது அக்காள் மகளின் சுண்டுவிரல் பட்டது. ஒரே தொடுதலில் ஏழு கயிறுகள் ஒடிந்தன. பாலிஸ்டைரீன் மெலிந்தால் வளையும், ஆனால் நீளாது, இடித்தால் ஒடியும்.

எங்கள் ஊரில் வலை பின்னும் இடங்களில் 0.15 மில்லிமீட்டர் நைலான் நரம்பு அறுந்த துண்டுகளாகக் காலடியில் கிடக்கிறது. நான் இப்போது அதைத்தான் கட்டுகிறேன். கை பட்டாலும் துள்ளிவிட்டுத் திரும்ப நிற்கிறது. அரும்பாடுபட்டு இழுத்த கம்பியை விட்டுவிட்டுக் குப்பையிலிருந்து நரம்பைப் பொறுக்கலாமே என்பதுதான் என் வாதம்.

வெண்ணாற்றங்கரை (மார்கழி 28)

உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். கை படும் இடத்திலும் நீளக் கயிற்றுக்கும் நரம்புதான் சரி. ஆனால் நைலானை லிக்விட் சிமெண்ட் ஒட்டாது, சூப்பர் குளூதான் வேண்டும். அது வெண்மையாகப் பூத்து அருகிலுள்ள பெயிண்ட்டைக் கெடுக்கும். ஆண்டெனா கம்பி, முள், கைப்பிடி போன்ற குட்டையானவற்றுக்கு ஸ்ப்ரூவே நிற்கும்.

நீளக் கம்பிக்கும் ஸ்ப்ரூவில் ஓர் அழகு உண்டு, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வயலோரத்து மின்கம்பங்களை 1/35 அளவில் ஒரு காட்சிக்குச் செய்தேன். நிஜத்தில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கனமுள்ள மின்கம்பி இந்த அளவில் 0.23 மில்லிமீட்டர் ஆகிறது, 1/72 என்றால் 0.11. கம்பியை இரு கம்பங்களிலும் ஒட்டி ஒரு நாள் காயவிட்டேன். இயல்பாகவே அது கொஞ்சம் தொளதொளவென்று நின்றது. ஊதுவத்தியைக் கொளுத்தி, சுடரை ஊதி அணைத்துவிட்டு, கனலும் நுனியைக் கம்பிக்கு ஒரு விரல்கடை கீழே மெதுவாக நகர்த்தினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பி விறைத்து நேரானது. இழுக்கும்போது நீட்டிவைக்கப்பட்ட மூலக்கூறுச் சங்கிலிகள், சூடு பட்டதும் பழைய சுருளுக்குத் திரும்பப் பார்ப்பதால் கம்பி சுருங்குகிறது. ஆனால் நான் வேண்டுமென்றே ஒரு கம்பியை மட்டும் தொய்வாக விட்டேன், நம் ஊர் மின்கம்பி எல்லாமே விறைப்பாக இருந்தால் பார்ப்பவர் நம்ப மாட்டார்.

ஊதுவத்தி இல்லையென்று கொசுவத்திச் சுருளில் முயலாதீர்கள். அதன் கனல் அகலம். கம்பி அறுந்தே போய்விட்டது.

மன்னை மாணவன் (மார்கழி 29)

எனக்கு அடிப்படையில் ஒரு சந்தேகம். சென்ற மாதம் கல்லூரியிலிருந்து சுவாமிமலைக்குச் சிலை வார்ப்பதைப் பார்க்கப் போயிருந்தோம். மெழுகு உருவத்தோடு மெழுகுத் தண்டுகளை ஒட்டி, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தத் தண்டுகள் விட்ட வழியில்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு அந்தத் தண்டை வெட்டி எடுத்து மறுபடி மூசையில் போட்டுவிடுகிறார்கள். நம் ஸ்ப்ரூவும் அதே வேலையைச் செய்யும் தண்டுதானே, பிளாஸ்டிக் ஓடிவந்த வாய்க்கால்தானே? அப்படியென்றால் நாமும் உருக்கி வேறு அச்சில் ஊற்றக் கூடாதா? நான் கட்டுபவை பெரும்பாலும் ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் கன்டம் ரோபோக்கள் என்பதால் சட்டம் மலைபோல் சேர்கிறது.

பொன்மலை மீட்டர்கேஜ் (மார்கழி 29)

ஒப்பீடு சரிதான், தம்பி. பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை, கடைசியில் ஒவ்வோர் உதிரிக்கும் ஒரு சிறு மடை என்று நம் ஊர்ப் பாசனம் போலவே அந்தச் சட்டம் அமைந்திருக்கிறது. நாம் கத்தரியால் வெட்டுவது அந்த மடையைத்தான். ஆனால் வெண்கலம் உருகினால் தண்ணீர்போல் ஓடிவிடும். உருகிய பாலிஸ்டைரீன் பாகைவிடக் கெட்டி. தொழிற்சாலையில் 200 டிகிரிக்கு மேல் சூடேற்றி, பெரும் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். வீட்டுச் சட்டியில் உருக்கினால் அழுத்தமும் இல்லை, குமிழியும் போகாது, மருந்துக்கடைக்காரர் சொன்ன புகை மட்டும் நிறையக் கிடைக்கும். வேண்டாம்.

உங்கள் கன்டம் சட்டங்களில் கவனிக்க வேண்டியது வேறு. ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு மூலையில் பி.எஸ்., ஏ.பி.எஸ்., பி.இ. என்று எழுத்து பொறித்திருக்கும். பி.எஸ். என்றால் பாலிஸ்டைரீன், பாகுக்கும் கம்பிக்கும் உரியது. ஏ.பி.எஸ். வேறு பிளாஸ்டிக், பாலிஸ்டைரீனோடு கலந்தால் ஒன்றாகாது. பி.இ. என்பது பாலிஎத்திலீன், மூட்டுகளுக்குள் வைக்கும் மெத்தென்ற வளையங்கள் அதில்தான் வருகின்றன, எந்த சிமெண்ட்டிலும் கரையாது. பழைய 1/72 மென்பிளாஸ்டிக் சிப்பாய்களும் இந்த இனமே. எழுத்து இல்லாத சட்டமென்றால் ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05, அது மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும். குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றாமலிருக்க ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடவும். ஏ.பி.எஸ்.ஸும் மூழ்கும், ஆகவே இந்தச் சோதனை மிதப்பதைக் கழிக்க மட்டுமே.

ஜப்பானில் பண்டாய் நிறுவனம் 2021 முதல் வெறும் சட்டங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புகிறது. அதிலிருந்து கறுப்பு நிறத்தில் ‘எகோபிளா’ என்ற கிட்களும் செய்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

குடந்தைவாசி (தை 18)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போகி முடிந்தது, சாக்கு தப்பித்தது. சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தேன், ஒன்றில் நன்றாக அடிபட்டேன்.

கம்பி இழுப்பது மூன்றாம் நாள் கைவந்துவிட்டது. இருபது துண்டுகள் இழுத்து, காலிப்பரில் அளந்து, 0.2, 0.3, 0.5 என்று மூன்று ஊதுவத்திப் பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறேன். வேலை நடக்கும்போது இழுக்கப் போனால் தேவையான கனம் வராது, முன்கூட்டியே இழுத்து அளந்து வைத்தால் கை தானே சரியான பெட்டிக்குப் போகிறது.

அடிபட்டது பாகில். ஒரு 1/72 ஸ்பிட்ஃபயரின் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. ஆர்வத்தில் பாகை ஒரே தடவையில் வழிய வழிய நிரப்பினேன். மறுநாள் தொட்டால் கெட்டியாக இருந்தது. தேய்த்து வழவழப்பாக்கி, பெயிண்ட்டும் அடித்துவிட்டேன். பத்தாம் நாள் காலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அந்த இடம் முழுக்க ஒரு பள்ளமாக உள்வாங்கி, பெயிண்ட்டின் மேல் கோடு தெரிந்தது. உள்ளே சிக்கியிருந்த கரைப்பான் மெதுவாக வெளியேற வெளியேற பாகு சுருங்கியிருக்கிறது. போதாததற்கு, இறக்கையின் மெல்லிய ஓரத்தையும் அது இளக்கி வளைத்துவிட்டது.

பொன்மலை மீட்டர்கேஜ் (தை 18)

பிழை என்னுடையதும்தான், அளவைச் சொல்லாமல் விட்டேன். பாகு மயிரிழை இடுக்குகளுக்கு மட்டும். அதையும் மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் குறைந்தது ஒரு நாள், கடைசிப் பூச்சுக்கு ஒரு வாரம் விட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பாகே கூடாது. இடுக்கின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் கம்பி இழுத்து, அதை இடுக்கில் கிடத்தி, மெல்லிய சிமெண்ட்டைத் தூரிகையால் ஓடவிடுங்கள். சிறிது இளகியதும் விரல்நகத்தால் அழுத்தி உள்ளே இறக்குங்கள். திடமான பிளாஸ்டிக்கே இடத்தை நிரப்பிவிடுவதால் சுருங்க அங்கே அதிகம் ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து மேலே துருத்துவதைச் சீவித் தேய்த்தால் போதும்.

குடந்தைவாசி (தை 27)

அப்படியே செய்தேன். பழைய பாகைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே ஸ்பிட்ஃபயரின் சட்டத்திலிருந்து 1.2 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை இழுத்துக் கிடத்தினேன். ஒன்பது நாள் ஆகிறது, இன்று காலையும் சாய்த்துப் பார்த்தேன், கோடு இல்லை.

சாக்கைப் பற்றியும் முடிவுக்கு வந்துவிட்டேன். கட்டிக்கொண்டிருக்கும் கிட்டின் சட்டம் அந்தக் கிட் பெயிண்ட் ஆகி முடியும்வரை அதன் பெட்டியிலேயே இருக்கும், ஏனென்றால் அதன் இடுக்குக்கு அதன் பிளாஸ்டிக்தான் பொருந்துகிறது. முடிந்த கிட்களிலிருந்து நேரான, முளையில்லாத நீளத் துண்டுகளை மட்டும் ஒரு செருப்புப் பெட்டி அளவுக்கு வைத்துக்கொள்கிறேன். மற்றவை போகட்டும். கண்ணாடி போன்ற தெளிந்த சட்டங்களை மட்டும் என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லையே?

வெண்ணாற்றங்கரை (தை 27)

அதை ஒரு துண்டுகூட எறியாதீர்கள். தெளிந்த சட்டத்தின் நுனியை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றி நறுக்கினால் இறக்கை நுனி விளக்கு. உட்புறம் ஒரு சொட்டு சிவப்போ பச்சையோ தொட்டுவிட்டால் போதும். விமானியின் கண்ணாடிக் கூண்டின் ஓரத்து இடுக்குக்குத் தெளிந்த சட்டத்தில் செய்த பாகுதான் ஏற்றது. ஆனால் இந்தப் பிளாஸ்டிக் சாதாரணச் சட்டத்தைவிட நொறுங்கும், கத்தரியால் வெட்டாமல் சிறு ரம்பத்தால் அறுங்கள்.

மன்னை மாணவன் (தை 28)

ஐயா, எறியப்போகும் சட்டங்களை நான் எடுத்துக்கொள்ளலாமா? இடிந்த கட்டடக் காட்சி ஒன்று செய்கிறேன், நறுக்கிய சட்டம் செங்கல் சல்லியாகும். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் வருகிறேன்.

குடந்தைவாசி (தை 28)

தாராளமாக வாருங்கள், தம்பி. பேருந்து நிலையத்துக்கே கொண்டுவந்து தருகிறேன். ஒரு பெரிய பை எடுத்துவாருங்கள். சாக்கு மட்டும் எனக்குத் திரும்ப வேண்டும், சம்பா அறுவடை நெல் வருகிறது என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.